பொறுமைசாலி என்று பேர் வாங்கியவள்

1990 ஆகஸ்டில் ஈராக் படை குவைத்துக்குள் புகுந்துவிட்டதாக ரேடியோவில் செய்தி வந்தது. பூந்தமல்லியில் ஒரே வீட்டில் குடியிருந்த இரண்டு ஓரகத்திகளின் கணவர்களும் அப்போது குவைத்தில்தான் இருந்தார்கள். அண்ணன் பஷீருதீன், தம்பி ஷேக் தாவூத், இருவரும் ஒரே கம்பெனியில் டிரைவர்கள்.

இளையவள் ஷம்ஷாத் அன்றே தெருவில் விழுந்து அழுதாள். டெலிபோன் உள்ள வீடுகளின் கதவையெல்லாம் தட்டினாள். ஆள் அனுப்பிய ஏஜெண்டின் சட்டையைப் பிடித்தாள். அழுது களைத்துத் தூங்கியும் விடுவாள்.

மூத்தவள் வஹீதுன்னிசா அழவில்லை. உலை வைத்தாள். மாமியாருக்கு வெந்நீர் போட்டாள். ஷம்ஷாத்தின் தலையைத் தடவிக்கொடுத்தாள். வந்தவர்கள் எல்லாரும் அவளுடைய பொறுமையைப் புகழ்ந்தார்கள். புகழப் புகழ, அவளுக்கு அழ இடமே இல்லாமல் போயிற்று.

முதலில் முடி கொத்துக் கொத்தாக உதிர்ந்தது. பிறகு சோறு இறங்கவில்லை. பின்மண்டை வலிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு வேலையைப் பார்த்தாள். ஷம்ஷாத்தான் அவளை டாக்டரிடம் இழுத்துப்போனாள். ரத்த அழுத்தம் எக்கச்சக்கமாக இருக்கிறது, மனசில் ஏதாவது கவலையா என்று டாக்டர் கேட்டார். இல்லை என்று சிரித்தாள்.

வெளியே வந்ததும் ஷம்ஷாத் கேட்டாள்: "ஏன் லாத்தா பொய் சொன்னீங்க? என்கிட்டயாவது சொல்லலாமில்ல?"

"நானும் அழுதுகினு உக்காந்தா ஊட்ட யாரு பாக்கறது?"

அக்டோபரில் பக்கத்து மளிகைக் கடைக்குப் பம்பாயிலிருந்து போன் வந்தது. அண்ணனும் தம்பியும் பத்திரமாக வந்து இறங்கிவிட்டார்கள். ஷம்ஷாத் ஓடிவந்து சொன்னாள். வஹீதுன்னிசா இறைவனுக்கு நன்றி சொல்ல வாயெடுத்தாள். வாய் ஒரு பக்கம் கோணியது. சுவரைப் பிடிக்கப் போன வலது கை எழவில்லை.

பஷீருதீன் ஆஸ்பத்திரிக் கட்டிலில்தான் மனைவியைப் பார்த்தார். அவள் கண்ணிலிருந்து நீர் வழிந்தபடி இருந்தது. அது அழுகையா, நரம்புக் கோளாறா என்று டாக்டருக்கும் சொல்லத் தெரியவில்லை. பேச்சு இனித் திரும்பாது என்று மட்டும் சொன்னார்.

வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு பஷீருதீன் அவளுக்குக் கஞ்சி ஊட்டினார், வாய் துடைத்தார், துணி மாற்றினார். குவைத்தில் பட்டதை யாரிடமும் சொல்லவில்லை. அம்பத்தூரில் லாரி ஓட்டப் போனார். எவ்வளவு திடமான மனுஷன் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள்.

ஒரு நாள் கஞ்சி ஊட்டும்போது அவர் கை நடுங்குவதை ஷம்ஷாத் பார்த்துவிட்டாள்.

"மச்சான், அழுதுடுங்க. உங்க கால்ல உழுறேன்."

நடுங்கிய கையை அவர் மறு கையால் அழுத்தி நிறுத்தினார். கஞ்சி ஆறிவிடும் என்று மட்டும் சொன்னார்.