கண்ணாடிக்கு இந்தப்புறம்

கம்பி மறுபடியும் அதே வளைவில் போய் முட்டி நின்றது. டாக்டர் தாக் கைப்பிடியை விட்டுவிட்டுக் கண்ணைக் கசக்கிக்கொண்டார். கண்ணாடிக்கு அந்தப்புறம் மல்சுன் அம்மாள் மேஜையில் படுத்திருந்தாள். இரு பக்கமும் ஆளுயரக் காந்தங்கள். தையல் நூல் பருமனில் ஒரு கம்பி அவள் தொடை ரத்தக்குழாய் வழியாக இறங்கி முழங்காலுக்குக் கீழே நின்றது. அதன் நுனியில் துளியூண்டு காந்தம். இங்கே தாக் கைப்பிடியைத் திருப்பினால் அங்கே பெரிய காந்தங்கள் அசையும். நுனியும் அந்தத் திசைக்குத் தலைதிருப்பும். அடைப்பைத் தாண்டி ரத்தம் இறங்கினால் பாதம் பிழைக்கும். இல்லாவிட்டால் நாளைக்குப் பாதத்தை எடுத்துவிடுவதென்று பேசி வைத்தாகிவிட்டது.

எக்ஸ்ரே கதிர் படாமலிருக்க ஈயக் கவசத்தைச் சுமந்து சுமந்தே தாக்கின் முதுகு கெட்டுப்போயிருந்தது. இந்த இயந்திரம் வந்தபின் கவசம் போயிற்று, அலுப்பு போகவில்லை. தோளில் இருந்தது கண்ணுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. மத்தியானம் வாங்கிய கிம்பாப் சோற்றுச் சுருள் இன்னும் பிரிக்காமல் கிடந்தது.

ஒலிபெருக்கியில் அவள் குரல் வந்தது. "டாக்டரே, இருக்கீரா, தூங்கிட்டீரா? ஆளையே காணோம், சத்தம் மட்டும் வருது. பேய்கிட்ட வைத்தியம் பாக்குற மாதிரி இருக்கு."

"இருக்கேம்மா. காலை ஆட்டாதீங்க."

"ஆட்டுறதுக்கு அது எஞ்சொல்பேச்சு கேட்டாத்தானே? பூசான் மீன் சந்தையில வந்து பாரும், இந்நேரத்துக்கு ஒரு கூடை விலாங்கு உரிச்சிருப்பேன்."

மேஜையருகே அவள் பக்கத்தில் நின்ற நர்ஸ் யோன்ஜு சிரித்தாள். "நீங்க உரிச்ச விலாங்கு எதும்மா எந்திரிச்சு வீட்டுக்குப் போச்சு?"

"வாயப் பாரு இவளுக்கு!"

தாக் கைப்பிடியிலிருந்த பொத்தானை அழுத்திக் கம்பியை உள்ளே செலுத்தினார். முட்டியது. கட்டைவிரல் பொத்தானை விடாமல் அழுத்திற்று. கையால் கம்பி பிடித்த காலத்தில், அடைப்பு எதிர்ப்பதை விரல் உணரும். கொஞ்சம் முறுக்கி, கொஞ்சம் தள்ளினால் வழிவிடும். அந்தப் பழக்கம் விரலைவிட்டுப் போகவில்லை. இந்தப் பொத்தானோ எதையும் திருப்பிச் சொல்வதில்லை. எதிரேயிருந்த எக்ஸ்ரே திரையில் கம்பி வில்லாய் வளைந்து எழும்பிய பிறகுதான் கண்டார்.

"டாக்டர், போதும்! நிறுத்துங்க!" என்றாள் யோன்ஜு.

"ஐயோ, உள்ள என்னமோ குத்துதே!"

தாக் சட்டென்று பின்னுக்கு இழுத்தார். ரத்தக்குழாயில் சாயம் செலுத்தித் திரையில் பார்த்தார்கள். குழாய் கிழியவில்லை, பயந்த பிள்ளையின் கைபோல இறுக மூடிக்கொண்டிருந்தது. மருந்தைச் செலுத்திவிட்டு அது இளகக் காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை.

"என் தப்புதாம்மா. கொஞ்சம் தள்ளிட்டேன்."

மல்சுன் அம்மாள் மெதுவாகச் சொன்னாள். "நின்னுக்கிட்டு வித்தாத்தான் மீனு உசுரோட இருக்குன்னு நம்புவாங்க. உக்காந்து வித்தா எவனும் கிட்ட வரமாட்டான். அதப் பாத்துக்கும்."

குழாய் இளகியதும் தாக் தள்ளவில்லை. காந்தத்தை மட்டும் இம்மி இம்மியாகத் திருப்பினார். இருட்டில் கதவு தேடுகிறவனின் விரலைப்போல நுனி சுவரைத் தடவித் தடவிப் போய், ஓரிடத்தில் வழுக்கி இறங்கியது. பின்னாலேயே அடைப்பை அகட்டும் குட்டி பலூன் போய் விரிந்து சுருங்கியது. மறுபடி சாயம். திரையில் கறுப்பு இழையொன்று கணுக்கால்வரை ஓடி மங்கியது. அதற்குக் கீழே ஒன்றும் தெளிவாகத் தெரியவில்லை.

யோன்ஜு கையுறையைக் கழற்றிவிட்டுப் போர்வைக்குள் கைவிட்டு, சூடு இறங்குகிறதா என்று மல்சுன் அம்மாளின் கால்விரல்களைப் பொத்திப் பிடித்தாள். தாக் திரையை விட்டுவிட்டு, கண்ணாடி வழியே யோன்ஜுவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னடி, ஒண்ணும் சொல்லமாட்டேங்குற?"

யோன்ஜு கண்ணை மூடிக்கொண்டு, இன்னொரு கையையும் போர்வைக்குள் விட்டாள்.