பெரியவரின் எதிரி

பெயர்ப்பலகையில் மழைக்காடு என்று பச்சை எழுத்தில் போட்டிருந்தது. உள்ளே போனால் காடும் கிடையாது, மழையும் கிடையாது. விலங்குக் காட்சிசாலையின் பின்மூலையில் முப்பத்தாறு வருடத்துக்கு முன்பு கட்டிய கண்ணாடிக் கூரை மண்டபம் அது. மரங்கள் எல்லாம் சிமெண்ட். பட்டை உரிந்த இடத்தில் கம்பி தெரியும். செயற்கை மழைக்குப் போட்ட குழாய்கள் அடைத்துக்கொண்டு நாலு வருடமாகிறது. வெளியே நிஜ மழை பெய்தால் மட்டும் கூரை தாராளமாக ஒழுகும். இதை எழுதிக் கொடுத்தபோது பொறியாளர் சிரித்துக்கொண்டே, "மழைக்காட்டுல மழை பெய்யுதுன்னு புகார் குடுக்குற ஒரே ஆள் நீங்கதாம்மா" என்றார். அந்தச் சிரிப்பை நினைத்தால் கடுகுக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும்.

கடுகு அந்த மண்டபத்தின் காப்பாளர். ஆள் குட்டை, சூடு பட்டால் வெடிப்பாள். அதனால் அந்தப் பெயர். அவள் பொறுப்பில் இருந்தது இரண்டே இரண்டு கிப்பன்கள். வாலில்லாத, கால்களைவிடக் கைகள் நீளமான குரங்குகள். கறுப்பாக இருந்த கிழட்டு ஆணுக்குப் பெரியவர் என்று பெயர். வெளிர் மஞ்சளாக இருந்த அவர் மனைவி அம்மணி. கடுகு இருவரையும் மரியாதையோடுதான் பேசுவாள். மேலதிகாரிகளிடம் மிச்சம் பிடித்த மரியாதை எல்லாம் அங்கேதான் செலவானது.

ஆறு வருடத்துக்கு முன்பு மண்டபத்துக்குப் பெயிண்ட் அடித்தபோது, கூடவே ஒரு காட்டுச் சத்தப் பதிவையும் வாங்கி, சிமெண்ட் மரத்தின் பொந்துக்குள் ஒலிபெருக்கி வைத்தார்கள். காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்து வரை அரை மணிக்கு ஒரு தடவை அது பாடும். இடி இடிக்கும், தண்ணீர் ஓடும், பூச்சிகள் கத்தும், கடைசியில் ஒரு கிப்பன் நீளமாகக் கூவும். அந்தக் கூவல் வந்ததும் பெரியவர் உச்சிக் கிளைக்குத் தாவி ஏறுவார். தொண்டை புடைக்கக் கத்துவார், கிளையை உலுக்குவார், இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் பாய்வார். கண்ணாடிக்கு வெளியே ஜனம் ஆரவாரம் செய்யும். கடுகும் குழந்தைகளைக் கூப்பிட்டு, "தாத்தா கூடப் பாடுறாரு பாருங்க, கை தட்டுங்க" என்பாள். தானும் தட்டுவாள்.

அன்றைக்குப் புதிதாக வந்த கால்நடை டாக்டரம்மா, பெரியவரின் நெஞ்சைச் சோதித்து முடித்துவிட்டுக் கண்ணாடிக்குப் பக்கத்தில் நின்றாள். பதிவு ஓடியது. பெரியவர் ஏறினார், கத்தினார், இறங்கியபோது கிளையைப் பிடிக்க முடியாமல் கை நழுவியது.

"அக்கா, கடைசியில கூவுறது யாரு?" என்றாள் டாக்டரம்மா.

"அதுவும் கிப்பன்தான். அதைக் கேட்டாப் பெரியவருக்குக் குஷி. கூடவே பாட ஆரம்பிச்சிடுவாரு."

டாக்டரம்மா திரும்பி அவளைப் பார்த்தாள். "பாடலைக்கா. அது வேற ஒரு ஆம்பளை. இது என் இடம், வெளிய போன்னு சொல்றான். இவரு முடியாதுங்கிறாரு. அவன் எங்க இருக்கான்னு தேடுறாரு. இதயம் வீங்கிப் போச்சு. இன்னும் கொஞ்ச நாள் இப்படியே கத்தினா ஒருநாள் உச்சியில இருந்தே விழுந்துடுவாரு."

கடுகு மனதுக்குள் கணக்குப் போட்டாள். ஒருநாளைக்குப் பதினேழு தடவை. ஆறு வருடம். வீட்டுக்குள் எவனோ புகுந்துவிட்டான் என்று ஒரு கிழவர் பதறிக்கொண்டு தேடியிருக்கிறார். அவள் பக்கத்தில் நின்று கை தட்டியிருக்கிறாள். தன் கையையே வெட்டிப் போடலாம் போல இருந்தது அவளுக்கு. அது முடியாததால் நேரே கண்காணிப்பாளர் அறைக்குப் போனாள்.

கண்காணிப்பாளர் தலையை நிமிர்த்தாமல், "எழுதிக் குடுங்க" என்றார். எழுதிக் கொடுத்தாள். பொறியாளர், "எல்லாம் ஒரே இணைப்பு. அதை மட்டும் வெட்ட முடியாது, வெட்டினா மொத்தமும் போயிடும்" என்று கையைக் கழுவினார். மறுபடி கண்காணிப்பாளரிடம் போய் டாக்டரம்மாவின் அறிக்கையை மேசையில் வைத்தாள்.

"ஜனங்க அதைப் பார்க்கத்தாம்மா வர்றாங்க. பாடுற குரங்குன்னு ஊரெல்லாம் பேரு."

"அது பாட்டு இல்ல சார், சண்டை. அவரு செத்துடுவாரு."

"மிருகந்தானே? கொஞ்ச நாள்ல பழகிடும்."

ஆறு வருடத்தில் பழகாதது இனிமேல் பழகுமாம். கடுகு போய்ப் பொந்துக்குள் சாக்கைத் திணித்தாள். இரண்டாம் நாள் சாக்கை உருவிவிட்டு, பொதுச் சொத்துக்குச் சேதம் விளைவித்ததாக அவளுக்கு மெமோ கொடுத்தார்கள். அன்று சாயங்காலம் பெரியவர் பழத்தைக் கையில் வாங்கினார், தின்னாமல் அப்படியே வைத்துக்கொண்டிருந்தார்.

வீட்டில் பாத்திரங்கள் எல்லாம் அவளிடம் அடி வாங்கின. அவள் தம்பி பேருந்து நிலையத்தில் வண்டி நேரம் அறிவிப்பவன். கல்யாணமாகாததால் சாப்பாடு அக்கா வீட்டில்தான்.

"முதல்ல சாப்பாட்டைப் போடு. அப்புறம் என்னைத் திட்டு" என்றான்.

"உன்னை யாருடா திட்டினா? அந்த ஆளு நாற்காலியில உட்கார்ந்துக்கிட்டுப் பழகிடுமாம். அவன் அறையில எவனாவது பூந்து வெளிய போன்னு சொன்னா பழகிடுவானா?"

சொல்லிவிட்டு அவளே நிறுத்தினாள். கரண்டி கையிலேயே நின்றது. தம்பி முகத்தைப் பார்த்தாள்.

"ஏன்கா அப்படிப் பார்க்குற? பயமா இருக்கு."

"உன் தொண்டை ஒருநாளைக்கு எனக்கு வேணும்டா" என்றாள்.

காட்சிசாலை முழுக்க அறிவிப்பு செய்ய ஒரு பெரிய ஒலிப் பெட்டி இருந்தது. காணாமல் போன குழந்தைகளைத் தேடுவதும் அதில்தான், காட்டுச் சத்தம் ஓடுவதும் அதில்தான். ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு பொத்தான். கண்காணிப்பாளர் அறையின் கூரையிலும் ஓர் ஒலிபெருக்கி உண்டு. அதன் சத்தத்தைக் குறைக்கும் திருகு எப்போதோ உடைந்து, சரிசெய்ய யாருக்கும் நேரம் கிடைக்கவில்லை. பெட்டிக்குப் பொறுப்பு எலக்ட்ரீஷியன்.

"எனக்கு ஓய்வுக்கு நாலு மாசந்தான் இருக்கு, என்னை மாட்டிவிட்டுடாதம்மா" என்றார் அவர்.

"நீங்க எதுவும் செய்ய வேண்டாம்ணே. பெட்டியைப் பூட்ட மறந்தாப் போதும்."

அவர் தாடையைச் சொறிந்தார். "மறதி எனக்குக் கூடப் பொறந்ததுதான்" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்குக் கண்காணிப்பாளர் பையை வைத்துவிட்டு உட்கார்ந்தார். கூரையிலிருந்து கணீரென்று ஒரு குரல் வந்தது: "கனிவான கவனத்திற்கு. இது என் அறை. இது என் நாற்காலி. தாங்கள் உடனே எழுந்து வெளியேறவும்."

அவர் சிரித்தார். எவனோ தப்பாக எதையோ அழுத்திவிட்டான் என்று நினைத்திருப்பார். ஒன்பதரைக்கு மறுபடி வந்தது. பத்து மணிக்கு ஜன்னலைச் சாத்தினார். பத்தரைக்கு நாற்காலி மேலேயே ஏறி நின்று கூரையைத் தட்டினார். பதினொன்றுக்கு, தன் பதவிக்கு ரொம்ப நாளாகக் கண் வைத்திருந்த துணை அதிகாரியை வரவழைத்து, சம்பந்தமே இல்லாமல் கத்தித் தீர்த்தார். எலக்ட்ரீஷியன் வந்து அண்ணாந்து பார்த்து, "எழுதிக் குடுங்க சார், பொறியாளர் பார்க்கணும்" என்றார். பொறியாளரோ தனக்குத் தெரிந்த ஒரே பதிலை எடுத்து நீட்டினார். "எல்லாம் ஒரே இணைப்பு சார். உங்க அறையை மட்டும் வெட்ட முடியாது, வெட்டினா மொத்தமும் போயிடும்."

பதினொன்றரைக்குக் குரல் வந்தபோது கடுகு தீவனப் பதிவேட்டில் கையெழுத்து வாங்க அங்கேதான் நின்றிருந்தாள். கண்காணிப்பாளர் காதைப் பொத்திக்கொண்டார்.

"கொஞ்ச நாள்ல பழகிடும் சார்" என்றாள், பதிவேட்டை மூடிக்கொண்டே.

அவருக்கு உறைக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. அதற்குள் அவள் மண்டபத்துக்கு வந்துவிட்டாள். மூச்சு வாங்க அவர் பின்னாலேயே ஓடி வந்து கண்ணாடிக்கு முன்னால் நின்றபோது மணி பன்னிரண்டு. இடி இடித்தது, தண்ணீர் ஓடியது. கூவல் ஆரம்பித்ததும் பெரியவர் ஏறினார். வாய் கிழியக் கத்தினார். ஓரிடத்தில் கால் வழுக்கித் தொங்கினார், மறுபடி ஏறினார், சிமெண்ட் மரத்தின் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"யாருடைய வேலை இது? யாரு அந்த ஆளு? எங்க உட்கார்ந்துக்கிட்டுப் பேசுறான்?" என்று கண்காணிப்பாளர் கத்தினார். கழுத்து நரம்பு புடைத்திருந்தது.

"அதைத்தான் சார் அவரும் கேக்குறாரு. உங்களுக்கு மூணு மணி நேரம். அவருக்கு ஆறு வருஷம்."

"முதல்ல அதை நிறுத்து!"

"எதை சார்? உங்களோடதையா, அவரோடதையா?"

பார்க்க வந்த ஜனம் எல்லாம் இப்போது குரங்கை விட்டுவிட்டு அவரைப் பார்த்தது. ஒரு குழந்தை கை தட்டியது.

"ரெண்டையும்! மொத்தத்தையும் வெட்டித் தொலைங்கடா!" என்றார்.

வெட்டினார்கள். பெரியவருக்காக இல்லை, தன் காதுக்காகத்தான் அவர் வெட்டச் சொன்னார். அது கடுகுக்கு நன்றாகத் தெரியும். மாலைக்குள் அவளுக்கு இரண்டாவது மெமோ வந்தது. ஏன் இப்படிச் செய்தீர்கள், ஒரு வாரத்துக்குள் விளக்கம் தரவும், தவறினால் பணிநீக்கம். அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டாள்.

மறுநாள் ஒன்பதரைக்கு மண்டபம் அமைதியாக இருந்தது. ஆனால் பெரியவர் ஏறினார். உச்சிக் கிளையில் உட்கார்ந்து, பொந்தைப் பார்த்தபடி காத்திருந்தார். பத்து மணிக்கும் ஏறினார். வராத எதிரிக்காக அந்த வீங்கிய நெஞ்சைத் தூக்கிக்கொண்டு நாள் முழுக்க ஏறி இறங்கினார். அதற்கடுத்த இரண்டு நாளும் அப்படித்தான். அந்தப் பதிவை வாங்கியவனை, விற்றவனை, பெயிண்ட் அடித்தவனை எல்லாம் கடுகு வாய்க்கு வந்தபடி திட்டினாள். தன்னையும் விடவில்லை.

நாலாம் நாள் பத்தரைக்குப் பெரியவர் ஏறவில்லை.

கடுகு கையிலிருந்த வாளியைப் போட்டுவிட்டு ஓடினாள். கீழ்க்கிளையில் கறுப்பாக ஒரு மூட்டை அசையாமல் கிடந்தது. கண்ணாடியில் நெற்றியை அழுத்திக்கொண்டு பார்த்தாள். வயிறு ஏறி இறங்கியது. அம்மணியின் மடியில் தலையை வைத்து, வாயைப் பிளந்துகொண்டு பெரியவர் தூங்கிக்கொண்டிருந்தார். அம்மணி அவர் முதுகு முடியை விலக்கி விலக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பதினொன்று அடித்தது. அதற்கும் அவர் எழுந்திருக்கவில்லை.

கடுகு அழுதாள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, கவிழ்ந்த வாளியை நிமிர்த்தாமல் அதன் மேலேயே உட்கார்ந்து, மெமோவைப் பிரித்து, அதன் அடியிலேயே விளக்கம் எழுதினாள்.

"ஐயா, ஆறு வருடம் நான் கை தட்டினேன். அதற்கு ஏதாவது தண்டனை இருந்தால் முதலில் அதைக் கொடுங்கள். இதற்கு உள்ளதைப் பிறகு வாங்கிக்கொள்கிறேன்."