வலது முன்தண்டு

பாகலூர்ப் பக்கம் எங்கள் ஊர் அம்மன் பல்லக்கு ஆண்டுக்கு ஒருமுறை குன்றேறும். அதன் வலது முன்தண்டு எங்கள் வீட்டுத் தோளுக்கு உரியது. அதைச் சுமப்பவன் வைக்கும் நடைதான் மற்றவர்களுக்கும் நடை. உச்சி மண்டபத்துக்கு முன்பே அவன் 'இறக்கு' என்று சொல்லிவிட்டால் தண்டு அடுத்த பங்காளிக்குப் போய்விடும். எங்கள் வீட்டில் யாரும் சொன்னதில்லை.

இந்த ஆண்டு, திருவிழாவுக்கு முன்பு தனியாக ஏறிப் பார்த்தேன். பாதியிலேயே கால்கள் ஈரச் சாக்குபோலக் கனத்தன. பாறையைப் பிடித்து நின்றேன். பின்னால் வந்த பங்காளி திருமலை பார்த்துவிட்டான்.

"என்னண்ணா, வண்டி ஆஃப் ஆயிடுச்சா? தண்ட எங்கிட்ட குடுத்துட்டு நீ ஓரமா நின்னு கும்புடு."

"உன் தோளுக்குப் பழக்கமில்ல. வழியப் பாரு" என்றேன்.

வீட்டுக்கு வந்ததும் மருமகள் சௌமியாவிடம் சொன்னேன். "அந்த பிரஷர் மாத்திரதான் காலக் கட்டிப் போடுது. திருவிழா வரைக்கும் நிறுத்தறேன்."

"நீங்களா நிறுத்தக் கூடாதுங்க மாமா. ஏறுங்க வண்டியில" என்று ஸ்கூட்டரில் ஓசூருக்குக் கூட்டிப் போனாள்.

டாக்டரம்மா உட்கார வைத்துப் பார்த்தார். பிரஷர் சரி, நாடி சரி.

"பாத்தீங்களா, எனக்கு ஒண்ணுமில்ல."

"உக்காந்திருக்கறப்ப ஒண்ணுமில்ல" என்றவர், மார்பில் ஒயர்களை ஒட்டி, ஓடும் பட்டைமேல் நடக்க விட்டார். இதயத்தில் கோளாறு இல்லை. ஆனால் நடையைக் கூட்டியபோதும் துடிப்பு அதற்கேற்ப ஏறவில்லை.

"இந்த மாத்திர இதயத்த அவசரப்பட விடாது. சும்மா இருக்கறப்ப அந்தத் துடிப்பே போதும். மேடு ஏறுனா கால் சதை ரத்தம் கேக்கும். கேட்ட வேகத்துக்குக் குடுக்க முடியாம இழுத்துப் புடிக்குது. அதுக்காகத் திடீர்னு நிறுத்தினா துடிப்பும் பிரஷரும் எகிறிடும், ஆபத்து."

"அப்ப தண்டு தூக்கக் கூடாதுங்களா?"

"யாரு வேகத்துல போவீங்க?"

"என் வேகத்துலதான் எல்லாரும் வரணும்."

அவர் சிரித்துவிட்டார். "அப்ப பேச முடியற வேகத்துல போங்க. நெஞ்சு வலிச்சா, கண்ணு இருட்டுனா உடனே இறக்கணும், கௌரவம் பாக்கக் கூடாது. குனிஞ்சா மெதுவா நிமிருங்க. சட்டுனு நிமிந்தா பிரஷர் எறங்கித் தல சுத்தும்."

திருவிழா அன்று காலை வழக்கம்போல மாத்திரையை விழுங்கிவிட்டுத் தண்டுக்குத் தோள் கொடுத்தேன். நிதானமாக அடி வைத்தேன். பின்தண்டுக்காரர்கள் பொறுமையிழந்து "பேகா, பேகா!" என்று கன்னடத்தில் விரட்டினார்கள்.

"அவசரம்னா பஸ்ல போங்கய்யா" என்றேன். பேச்சு தடையில்லாமல் வந்தது. நடையை மாற்றவில்லை.

இடது முன்தண்டிலிருந்த திருமலை, "அம்மனுக்குத் தூக்கமே வந்துடும்ணா" என்றான்.

"தூங்கட்டும். நீ குலுக்கி எழுப்பாத."

கடைசி ஏற்றத்தில் அவன் மறுபடி சீண்டியபோது என் பதில் பாதியில் நின்றது. உடனே அடியை இன்னும் குறுக்கினேன். பல்லக்கு முழுவதும் என்னோடு குறுகி நடந்தது. மூச்சு சீரானதும் மிச்சப் பதிலையும் சொன்னேன்.

இப்போது மூச்சு வாங்கியது திருமலைக்குத்தான். ஓடி ஏறியே பழகியவன். இவ்வளவு நேரம் பாரத்தைத் தாங்கியதில் அவன் சட்டை நனைந்திருந்தது.

மண்டபத்துக் கல்லில் இரு பாதங்களையும் ஊன்றிய பிறகு, "இறக்கு" என்றேன்.

பல்லக்கை இறக்கக் குனிந்த நான் சட்டென்று நிமிரவில்லை. கும்பிடுகிறேன் என்று நினைத்து ஊரார் காத்திருந்தார்கள். கும்பிடவும் செய்தேன். பிறகு மெல்ல நிமிர்ந்து, நேராக நின்றேன்.