இரட்டை முடிச்சு

நாத்தனார் குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்டால் போதும், தையல்காரிக்கு மூக்கு வேர்த்துவிடும். தையல் மெஷினை அப்படியே விட்டுவிட்டு, பின்கதவுக்கு வெளியே ஆணியில் தொங்கும் துணிப்பையின் முன்னால் போய் நிற்பாள். வாயை இறுக்கி இரண்டு முடிச்சுப் போட்ட பை. வேலைக்குக் கொண்டுபோகிற பையை யாராவது இப்படிக் கட்டி வைப்பார்களா? அதுவும் சொந்த அண்ணன் வீட்டில்?

மூன்று மாதத்துக்கு முன் பேக்கரி வேலை கிடைத்து இங்கே தங்க வந்தவள் நாத்தனார். வந்த அன்றே சொல்லிவிட்டாள்.

"பேக்கரின்னா எல்லாத் தூளும் ஒட்டும் அண்ணி. நான் வந்ததும் நேரா குளிச்சிடறேன். அந்தப் பையை மட்டும் யாரும் தொட வேண்டாம்."

தொட வேண்டாம் என்ற சொல்தான் தையல்காரியின் காதில் முள்ளாகத் தைத்தது. எதையும் ஒளிக்காதவள் எதற்காக அப்படிச் சொல்ல வேண்டும்? நாத்தனார் முதல் நாள் வேலை முடிந்து வந்த மாலையே பையைத் திறந்து பார்த்தாள். முடிச்சு அவிழ்ப்பதும், அவிழ்த்த சுவடு தெரியாமல் போடுவதும் அவளுக்குக் கைவந்த கலை. உள்ளே மேலங்கி, தலைக்குல்லா, சீப்பு. வேறொன்றும் இல்லை. அன்றைக்கே மகள் சிட்டுவின் கன்னத்தில் தடிப்புத் தடிப்பாக எழும்பியது.

சிட்டுவுக்கு நாலு வயது. வேர்க்கடலை ஆகாது. ஒரு தடவை தொண்டை அடைத்து நீலம் பாரித்து, ஆஸ்பத்திரியில் மீட்டுக்கொண்டு வந்தார்கள். அடுத்த தடவை இவ்வளவு நேரம் கிடைக்காமல் போகலாம் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். அன்றிலிருந்து அந்த வீட்டில் தையல்காரி வைத்ததுதான் சட்டம். சிட்டுவுக்குச் சிவப்பு மூடி டப்பா, சிவப்புக் கரண்டி, தனி வாணலி. வாங்கும் பாக்கெட்டில் எறும்பெழுத்தில் இருப்பதையெல்லாம் படித்த பிறகுதான் அது கடையை விட்டு வெளியே வரும். வெளியிலிருந்து யார் வந்தாலும் வாசல் குழாயில் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். மீட்டர் பார்க்க வந்த மனிதர்கூடத் தப்பவில்லை. "மீட்டரைத்தானேம்மா தொடப்போறேன்" என்று முனகிக்கொண்டே கழுவினார். லிஃப்ட் பழுது பார்க்கும் அவள் கணவனோ முழங்கை வரை கழுவிவிட்டு, கையை நீட்டிக் காட்டிவிட்டுத்தான் உள்ளே வருவான். நாள் முழுக்க வீட்டிலேயே இருந்து தைக்கிறவளுக்கு மட்டும் அந்தச் சட்டம் பொருந்தவில்லை. அவள்தான் வெளியே போவதே இல்லையே.

இத்தனை காவலையும் மீறித் தடிப்பு வந்தது என்றால்? தையல்காரி காலண்டரில் தடிப்பு வந்த நாளையெல்லாம் சிவப்புப் பேனாவால் வட்டமிட்டாள். பதினோரு வட்டம். செவ்வாய்க்கிழமையில் ஒன்றுகூட இல்லை. செவ்வாய், பேக்கரிக்கு விடுமுறை.

"இதுக்கு மேல என்ன வேணும் உங்களுக்கு?" என்று காலண்டரைக் கணவன் முன்னால் போட்டாள்.

"அவளுக்கு சிட்டுன்னா உசிருடி."

"அதுதான் எனக்கும் பயம். ஆசை மிஞ்சி ஏதாவது பிஸ்கட்டை வாயில வெச்சிடறா. கேட்டா இல்லம்பா. நீங்களும் தங்கச்சி சொன்னா தலையாட்டிடுவீங்க."

அவன் வட்டங்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தான். "சரி, நாளைக்கு வேற இடம் பார்க்கச் சொல்லிடறேன்" என்றான்.

அந்த நாளைக்கும் வந்தது. தையல்காரி நன்றாகக் கை கழுவி, சிட்டுவுக்குச் சோறும் உருளைக்கிழங்கும் குழையப் பிசைந்து, ஆறட்டும் என்று மேஜையில் வைத்திருந்தாள். நாத்தனார் வந்தாள், பையை ஆணியில் மாட்டினாள், சத்தமில்லாமல் குளிக்கப் போனாள். தாழ்ப்பாள் விழுந்தது.

கணவன் தங்கையிடம் பேசுவதற்குள் கையும் களவுமாக ஒன்று சிக்கிவிட்டால் தேவலை. நாளைக்குச் சொந்தபந்தம் கூடி, அண்ணிக்காரி துரத்திவிட்டாள் என்று சொல்லிவிடக் கூடாது. இன்றைக்குத் தையல்காரி மேலோட்டமாகப் பார்க்கவில்லை. மேலங்கியின் பைகளை வெளியே இழுத்துப் போட்டாள். தையலோரம் முழுக்க விரல் விட்டுத் தடவினாள். பழுப்பாக ஏதோ தூள் உதிர்ந்தது. மாவு, என்று பாவாடையில் தட்டிவிட்டாள். அவள் தேடியது பிஸ்கட்டை, மிட்டாயை, மடித்த பொட்டலத்தை. தூளையா தேடினாள்?

ஒரு காகிதம் அகப்பட்டது. 'சிட்டுவுக்கு ஆகாதவை' என்று நாத்தனாரின் கையெழுத்தில் ஒரு பட்டியல். குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருப்பதை அப்படியே பார்த்து எழுதியிருந்தாள். தையல்காரி அதை இரண்டு முறை படித்தாள். எது ஆகாது என்று இவ்வளவு நன்றாகத் தெரிந்து வைத்துக்கொண்டா செய்கிறாள்? காகிதத்தை ரவிக்கைக்குள் செருகிக்கொண்டு முடிச்சைப் போட்டாள். ஒன்று, அதன் மேல் இன்னொன்று.

உள்ளே வந்தபோது சோறு பதமாக ஆறியிருந்தது. சிட்டு வாயைத் திறந்துகொண்டு காத்திருந்தாள். மூன்று வாய் ஊட்டினாள். நாலாவது வாய்க்குச் சிட்டு தலையைத் திருப்பினாள்.

"அம்மா, நாக்கு அரிக்குது."

உதடு கண்ணெதிரே வீங்கியது. மூச்சு விசில் அடித்தது. கூடத்தில் இருந்த கணவன் குழந்தையைத் தூக்கிக்கொண்டு படியில் தடதடவென்று இறங்கினான். தையல்காரி பின்னால் ஓடினாள். கத்தல் கேட்டு நாத்தனாரும் தலையில் நீர் சொட்டச் சொட்ட ஓடி வந்தாள்.

இரண்டு தெரு தள்ளியிருந்த கிளினிக்கில் தொடையில் ஊசி போட்டார்கள். தையல்காரி வாழ்க்கையிலேயே அவ்வளவு நீளமான பத்து நிமிடத்தைப் பார்த்ததில்லை. பிறகு விசில் சத்தம் மெல்ல அடங்கியது. சிட்டு வீறிட்டு அழுதாள். அந்த அழுகையைக் கேட்டுத்தான் மூவருக்கும் உயிர் வந்தது.

"சாப்பாட்டுல என்ன இருந்தது?" என்று டாக்டர் கேட்டார்.

"சோறும் உருளைக்கிழங்கும்தான். நானே சமைச்சது."

"அப்ப யாரோட கையிலயாவது கடலை இருந்திருக்கணும். யாரு தொட்டாங்க?"

கணவன் தங்கை பக்கம் திரும்பினான். "வேற யாரு? இவதான். இன்னிக்கே உன் துணிமணிய எடுத்துக்கிட்டுக் கிளம்பு. என் கண்ணு முன்னால நிக்காதே!"

"அண்ணா, நான் வந்ததும் குளிக்கப் போயிட்டேன். சிட்டுவை இன்னிக்கு நான் தொடவே இல்லண்ணா."

"பொய் சொல்லாதே!"

பொய் இல்லை. அது தையல்காரிக்குத் தெரியும். தாழ்ப்பாள் விழுந்த சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டவள் அவள்தானே. அப்படியானால் யார் தொட்டது? சிட்டு, "அம்மா" என்று இரண்டு கையையும் நீட்டினாள். தையல்காரியும் பதறிக் கையை நீட்டினாள். நீட்டிய கை பாதியில் நின்றது. ஊசி குத்திக் குத்திக் காய்த்துப்போன ஆள்காட்டி விரல். அதன் நகக்கண்ணில் பழுப்பாய்ப் படிந்திருந்தது தூள். மூக்கருகே கொண்டுபோனாள். வறுத்த கடலை வாசனை.

பதினோரு வட்டம். பதினோரு மாலையும் அவள் பையைத் திறந்த மாலைகள். செவ்வாய்க்கிழமை ஆணியில் பை தொங்காது.

வாயை மூடிக்கொண்டால் யாருக்கும் தெரியாது. கணவன் திட்டிக்கொண்டிருந்தான். நாத்தனார் ஈரத்தலையோடு நின்றுகொண்டிருந்தாள். நாளைக்கு அவள் போய்விடுவாள், பையும் போய்விடும், தடிப்பும் நின்றுவிடும். தையல்காரி சந்தேகப்பட்டது சரிதான் என்று ஊரே சொல்லும். சிட்டு இன்னும் கையை நீட்டிக்கொண்டிருந்தாள்.

"அவளைத் திட்டாதீங்க. பையைத் திறந்தது நான். அந்தக் கையாலதான் ஊட்டினேன்."

திட்டிக்கொண்டிருந்தவன் மனைவி பக்கம் திரும்பினான். நாத்தனார் ஓரடி முன்னால் வந்தாள்.

"எத்தனை நாளா அண்ணி?"

"நீ வந்த நாள்லேருந்து." ரவிக்கைக்குள்ளிருந்து காகிதத்தை எடுத்துக் காட்டினாள். "இதையும் எடுத்தேன். எதுக்கு வெச்சிருந்தே?"

"அவளுக்குப் பிறந்த நாள் வருதில்ல? இதுல எதுவும் இல்லாம ஒரு கேக் செய்ய முடியுமான்னு மாஸ்டர்கிட்ட கேட்கறதுக்கு." அவள் முகம் கோபத்தில் சிவந்திருந்தது. "அதெல்லாம் அப்புறம் பேசிக்கலாம். முதல்ல போய்க் கையைக் கழுவுங்க. குழந்தை அழறா."

தையல்காரி கிளினிக் குழாயடிக்குப் போய்ச் சோப்பை எடுத்தாள். நகக்கண்ணைத் தேய்த்தாள், முழங்கை வரை தேய்த்தாள், மறுபடியும் தேய்த்தாள். திரும்பிப் பார்த்தபோது அத்தை தூக்கி வைத்திருந்த சிட்டு அவள் ஈரத்தலையில் கன்னத்தை வைத்துத் தேம்பிக்கொண்டிருந்தாள். தையல்காரியின் பாவாடையில் அந்தத் தூள் இன்னும் இருந்தது. இப்போதைக்கு அந்த அறையில் சந்தேகமில்லாமல் குழந்தையைத் தொடக்கூடிய சுத்தமான கை, குளித்து வந்த அத்தையின் கை ஒன்றுதான்.