அக்காவின் சர்க்கரை நோய்

அக்கா விடியற்காலையில் இறந்துபோயிருந்தாள். அவளுடைய மாத்திரை டப்பாவைப் படுக்கையில் கவிழ்த்துத் தேடினான் தம்பி. "நான் செத்தா முதல்ல இவங்களுக்குச் சொல்லு" என்று அவள் காட்டியிருந்த அட்டை அடியில் கிடந்தது. மூடியின் மேல் 'சுகர்' என்று எழுதியிருந்தது அவனுடைய கையெழுத்துதான். அக்காவுக்குச் சர்க்கரை நோய் கிடையாது.

அப்பா கட்டிவிட்ட கதை அது. இருபத்திரண்டு வருடங்களுக்கு முன், அக்காவுக்கு மனச்சிதைவு என்று டாக்டர் சொன்ன அன்றே, "யார் கேட்டாலும் சுகர்னு சொல்லுங்க. இவனுக்குப் பொண்ணு பாக்கணும்" என்றார். அவர் போய்ச் சேர்ந்த பிறகும் கதை அசையவில்லை. அதைக் காப்பாற்ற அக்காவுக்குத் தனி டம்ளர், சர்க்கரை போடாத டீ. தன் கல்யாண விருந்தில், மாமியார் வீட்டார் பார்க்கும்படி, அவள் தட்டிலிருந்த இனிப்பை எடுத்து அப்பால் வைத்தவன் அவன்தான். அக்காவுக்கு இனிப்பென்றால் உயிர்.

போன வருடம் அவளாகப் போய் ஒரு மூளை ஆராய்ச்சியில் சேர்ந்தாள். வந்து சிரித்தாள்.

"நீங்க சொன்ன பொய் பாதி நெசமா இருக்கும் போலடா. என் மூளைக்குச் சக்கரையைச் சரியா எரிக்கத் தெரியலையோன்னு சந்தேகப்படறாங்க. நான் போனப்புறம் மூளையை எடுத்துப் பாத்துக்கச் சொல்லிட்டேன். அங்கயாவது என் வியாதிய அதோட பேர்லயே எழுதட்டும்."

அவன் லிஃப்ட் மெக்கானிக். நடுவில் மாட்டிக்கொண்டவர்களிடம், கதவு திறக்கும்வரை வெளியே நின்று பேசிக்கொண்டே இருப்பான். அக்காவின் அறைக்கு வெளியே மட்டும் ஒருநாளும் நின்று பேசியதில்லை.

அட்டையிலிருந்த ஆராய்ச்சி மைய எண்ணைக் கூப்பிடப் போனில் சார்ஜ் இல்லை. கூடத்துச் சுவரில் வயரைச் செருகி, அங்கே கிடத்தியிருந்த அக்காவின் தலைமாட்டில் நின்றபடியே பேச வேண்டியதாயிற்று. எதிரில் மாமியார். அவரிடம் இதுவரை யாரும் உண்மையைச் சொன்னதில்லை.

"கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்காங்க சார். அவங்களுக்கு என்ன வியாதின்னு நீங்க சொல்லுங்க" என்றாள் போனில் பேசிய பெண்.

"சுகர்." யோசிக்கும் முன் வாய் சொல்லிவிட்டது.

அந்தப் பக்கம் தாள் புரட்டும் சத்தம் கேட்டது. "எங்ககிட்ட வேற எழுதியிருக்கு சார். வீட்டுல தெரிஞ்சு சம்மதிச்சாத்தான் வண்டி அனுப்புவோம். நேரம் கடந்தா பயன்படாது."

அக்காவின் முகத்தைப் பார்த்தான். இனி அவளால் யாரையும் திருத்த முடியாது என்பது அப்போதுதான் உறைத்தது. வெட்கத்தில் காது எரிந்தது.

"சுகர் இல்லைங்க. மனச்சிதைவு. இருபத்திரெண்டு வருஷமா. எங்களுக்குத் தெரியும். சம்மதம்."

கூடத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"சுகரே இல்லையா மாப்ள?" என்றார் மாமியார் மெதுவாக.

"இல்ல அத்தை."

மாமியார் அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நாற்காலியை அவள் பக்கமாக இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

வண்டி வருவதற்குள் பக்கத்து வீட்டம்மா அவர்கள் அடுக்களையிலேயே டீ போட்டு எல்லோருக்கும் கொண்டுவந்தாள். அவன் ஒரு வாய் குடித்ததும், அவன் கையிலிருந்த டம்ளரை அவள் கவனித்துவிட்டாள்.

"அய்யோ, இது அக்காவோடதாச்சே. கைப்பழக்கத்துல சக்கரை போடாம கலந்துட்டேன். குடுங்க, மாத்தித் தரேன்."

"இருக்கட்டும்" என்றான்.

நின்றபடியே, கடைசிச் சொட்டுவரை குடித்தான்.