சாயமில்லாத தேத்தண்ணி

மூன்றாவது தேயிலைப் பைக்கற்றையும் வெட்டிக் கொட்டியாயிற்று, சாயம் இறங்கவில்லை. கண்ணாடி ரீபொட்டில் தண்ணீர் வெளிறிப்போய் நின்றது. அடியில் மிளகு மாதிரிச் சுருண்ட பச்சை உருண்டைகள் ஒன்றும் தெரியாததுபோலக் கிடந்தன. அந்தப் பக்கம், இருக்கிற அறையில், எனக்குச் சம்பந்தியாகப் போகிறவர், அல்லது ஆகாமலே விடப்போகிறவர், முதுகு சாயாமல் சோபாவின் நுனியில் இருந்தார். என் மகன் நிசாந்தனும் அவருடைய மகள் யூவெனும் ஓகஸ்டில் கல்யாணம் என்று தாங்களாகவே முடிவெடுத்து கல்யாண ஹோலும் பார்த்துவிட்டார்கள். யூவெனின் தாய் லின் அம்மா மட்டும் இன்னும் சம்மதிக்கவில்லை. வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றிருந்தார். வீடு என்றால் வேறு யார், நான்தானே.

அவர் வாசலில் வைத்தே இரண்டு கையாலும் ஒரு தகரப்பேணியை நீட்டினார். உள்ளே பத்துச் சின்னப் பைக்கற்றுகள். பால் விடாதேங்கோ, சீனி போடாதேங்கோ என்றான் மகன். மணி அடித்தாற்போல அந்த இரண்டையும் சொல்லிவிட்டு யூவெனுக்குப் பக்கத்தில் போய் இருந்துவிட்டான்.

என் கணவர் தியாகலிங்கமோ ஒரு கிழமையாக போனும் கையுமாக இந்தத் தேயிலையைத்தான் படித்தார். இது ஊலோங்காம். பச்சைத் தேயிலையும் இல்லை, கறுப்பும் இல்லை, இரண்டுக்கும் நடுவே நிறுத்தி வறுத்து உருட்டுகிற சாதியாம். சீனாவில் பூஜியென், அதற்குள் அன்சி என்ற மலைப்பக்கம். அங்கே வெய் என்ற ஏழைக் கமக்காரன் ஒருத்தன் பாழடைந்த அம்மன் கோயிலை நாள்தோறும் கூட்டித் துடைத்தானாம். அம்மன் கனவில் வந்து இடம் காட்ட, பாறை இடுக்கில் இந்தச் செடியைக் கண்டெடுத்து, பழைய இரும்புச் சட்டியில் நட்டானாம். அதனால் பெயர் இரும்பு அம்மன். இல்லை, அதைக் கண்டெடுத்தது வாங் என்ற படித்த மனிதர் என்று இன்னொரு கதையும் உண்டாம். சாப்பிடும்போதும் சொன்னார், காரில் ஏறும்போதும் சொன்னார். நான் குசினியிலிருந்து எட்டிப் பார்த்து மெதுவாகக் கேட்டேன்.

"இஞ்சாருங்கோ, உதை எவ்வளவு நேரம் ஊற விடோணும்?"

"அதில்லையப்பா விசயம். அந்த முதல் மரம் எங்க நிண்டது எண்டதிலதான் இன்னும் பிரச்சினை."

இவரோடு முப்பது வருசம்.

அந்த முப்பது வருசமும் ஒரு தேத்தண்ணியில்தான் தொடங்கியது. தொண்ணூற்று நான்கில் இவரது ஆட்கள் என்னைப் பார்க்க வந்தபோது பொருளாதாரத் தடையால் யாழ்ப்பாணத்துக்குள் எதுவுமே வராத காலம். வீட்டில் இருந்தது, காலையில் ஊற்றி வெயிலில் காயவைத்த தேயிலை. அதிலேயே திரும்ப ஊற்றிக் கொடுத்தோம். இவரின் அக்கா ஒரு வாய் குடித்துவிட்டுக் கோப்பையை வைத்தா. "சாயமே இல்லை" என்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னா. கல்யாணம் நடந்தது, அக்கா பாரிசுக்குப் போனா, நாங்கள் இங்கே வந்தோம், இன்றைக்கும் என் சமையல் பேச்சு வந்தால் அந்தக் கோப்பை வெளியே வரும். என் வீட்டுக்கு வருகிற ஒருவருக்கும் ஊறின தேயிலையில் ஊற்றிக் கொடுக்க மாட்டேன் என்று அப்போதே நினைத்துக்கொண்டேன். இன்றைக்கு வரை கொடுத்ததில்லை.

ஆகவே முதல் இரண்டு பைக்கற்றையும் சாயம் போதாதென்று கிறீன் பின் என்கிற குப்பை வாளிக்குள் கொட்டினேன். மூன்றாவதைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். லின் அம்மா குடித்தார். முகத்தில் ஏதோ குறைந்திருந்தது. வெட்கமாகப் போய்விட்டது எனக்கு. பழையதை எறிந்துவிட்டு மூன்று பைக்கற்றுகளை ஒன்றாகப் போட்டேன். அதற்கும் அதே முகம். பின்னும் விடுவேனா, அதையும் எறிந்துவிட்டு மிச்சம் நான்கையும் போட்டுக் கொடுத்தேன். பேணி காலி. அந்த நான்கையும் கொட்டுவதற்கு ரீபொட்டைக் கவிழ்த்துப் பிடித்திருந்த நேரம், வெறும் கோப்பைகளோடு லின் அம்மா குசினி வாசலில் நின்றார்.

அவர் குப்பை வாளியைப் பார்த்தார். வெட்டிப் போட்ட பைக்கற்றுகளைப் பார்த்தார். மகளைக் கூப்பிட்டு இரண்டு சொல் சொன்னார், சத்தமில்லாமல். யூவென் சிவந்துபோய் நிசாந்தனைப் பார்த்தாள். பிறகுதான் என் மகனுக்கு வாய் வந்தது.

"அம்மா, சொறி. அது யூவென்ர அம்மாவின்ர அப்பா கடைசியா வறுத்த தேயிலை. பெப்ரவரியில மோசம் போயிட்டார். இனி அந்த மரங்களைப் பார்க்க ஆளில்லை. ஒரு பைக்கற்றில ஏழு தரம் ஊத்தலாம். முதல் தண்ணி ஜஸ்ட் கழுவுறதுக்கு. பிறகு பிறகுதான் ரேஸ்ட் வரும்."

"உதை ஏன் என்னட்டைச் சொல்லேல்லை?"

"யூவென் சொல்லுவாள் எண்டு நினைச்சன்."

யூவென், அவன் சொல்லியிருப்பான் என்று நினைத்தாளாம். பின்னால் என் கணவர் தலையை ஆட்டினார்.

"ஓம், ஏழு தரம். நானும் வாசிச்சனான்."

கேத்திலை அவர் தலையில் கவிழ்க்காமல் விட்டது என் நல்ல குணம். ஆனால் அந்த மனுசியின் முகத்தைப் பார்க்கத்தான் எனக்குத் தைரியம் வரவில்லை. செத்துப்போன தகப்பனின் கையை அல்லவா நான் குப்பைக்குள் கொட்டிவிட்டேன்.

"நிசாந்தன், சொல்லு அவவுக்கு," என்றேன். "ஊறின தேயிலையில திருப்பி ஊத்திக் குடுக்கிறது எங்களுக்கு வந்த ஆக்களை மதிக்காத மாதிரி. என்னைப் பொம்பிளை பாக்க வந்த அண்டைக்கு நான் அப்பிடிக் குடுத்து, இண்டைக்கும் பேச்சு வாங்கிறன். அதுதான் எறிஞ்சனான்."

அவன் யூவெனுக்கு இங்கிலீசில் சொன்னான், அவள் தாய்க்குச் சீனத்தில் சொன்னாள். நான் சொன்னதைவிட அது நீளமாக இருந்தது. பிள்ளை தன்பாட்டில் என்னத்தைச் சேர்த்தாளோ.

லின் அம்மா கோப்பைகளை வைத்துவிட்டு குப்பை வாளிக்கு முன்னால் குந்தினார். குப்பைப் பை அன்று காலையில்தான் மாற்றியது. உள்ளே தேயிலையும் இரண்டு வெங்காயச் சருகும்தான். ஒரு இலையை எடுத்து உள்ளங்கையில் விரித்தார். மிளகளவு உருண்டை என் பெருவிரல் நீளத்துக்கு முழு இலையாக விரிந்திருந்தது, ஓரத்தில் சிவப்போடு. மணந்து பார்த்தார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்து, கையால் ஒரு வட்டம் போட்டு, வடிப்பதுபோலக் காட்டினார். நான் அரிசி வடிக்கிற பெரிய வடியை எடுத்துக்கொண்டு அவருக்குப் பக்கத்தில் குந்தினேன். இருவருமாகச் சருகைப் பொறுக்கி எறிந்துவிட்டு அள்ளினோம். ரீபொட் கொள்ளவில்லை, மூடி எழும்பி நின்றது. மிச்சத்தைச் சோற்றுப் பானைக்குள் போட்டேன். தண்ணீரை அவர்தான் ஊற்றினார்.

குப்பையிலிருந்து எடுத்த தேயிலையில் என் வீட்டில் ஐந்து பேர் தேத்தண்ணி குடித்தோம். இரண்டாம் தரம் ஒரு பூ மணம் வந்தது. மூன்றாம் தரம் நல்லெண்ணெய் நிறத்தில் சாயம் இறங்கியது. என் கணவர் வெய்யின் கதையைத் தொடங்கப் பார்த்தார், நான் பார்த்த பார்வையில் நிறுத்தினார். ஓகஸ்ட் பற்றி ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. மேசையில் என் போன் அதிர்ந்தது. பாரிஸ் மச்சாள், எப்படிப் போனது என்று கேட்கத்தான். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு நிமிர்ந்தேன்.

லின் அம்மா, பேணியைத் தந்த அதே மாதிரி, இரண்டு கையாலும் தன் வெறும் கோப்பையை என்னிடம் நீட்டிக்கொண்டிருந்தார்.