கடலை வறுக்கும் கார்

துபாயிலிருந்து விடுமுறைக்கு வந்த இத்ரீஸ், புதிதாய் வாங்கிய சிவப்புக் காரில் மாமனார் துல்கர்னைனைக் குற்றாலத்துக்கு அழைத்துப் போனான். மாமனார் அசந்துபோக வேண்டும், அது ஒன்றே அவன் குறி. கார் தரையோடு தரையாய்க் கிடந்தது. விருந்துப் பாயில் உட்காருபவர்போல முட்டியைப் பிடித்துக்கொண்டுதான் அவர் உள்ளே இறங்கினார்.

வழியில் மேலகரத்தில் ரோட்டு வேலை. சிதறிக் கிடந்த ஜல்லியெல்லாம் டயரில் துள்ளி, காரின் அடியில் படபடவென்று அடித்தது.

"என்ன மாப்ள, கடலை வறுக்குத மாதிரி கேக்கு?"

கல் அடிக்கிறது என்று சொல்ல இத்ரீஸுக்கு வாய் வரவில்லை. "அது கம்பெனியே வச்ச சத்தம் மாமா. விலை கூடுன வண்டியிலதான் வரும்."

அருவியில் துண்டு பிழிந்துகொண்டிருந்தவர்களிடமெல்லாம் மாமனார் அந்தச் சத்தத்தைப் பற்றியே பேசினார்.

திரும்பும்போது இத்ரீஸ் உஷாராக வேறு வழியில், வழவழப்பான ரோட்டில் வந்தான். கார் சத்தமில்லாமல் வழுக்கிக்கொண்டு போனது. மாமனார் முகம் வாடிவிட்டது.

"சத்தத்தக் காணோமே மாப்ள. ரிப்பேராயிட்டோ? நம்ம தெரு பாரூக் மெக்கானிக்குதான். வரச் சொல்லுதேன், அடியில படுத்துப் பாத்துருவான்."

பாரூக் அடியில் படுத்தால் கல் பட்டுப் பெயிண்ட் பெயர்ந்திருப்பதைப் பார்ப்பான். பிறகு ஊரே சிரிக்கும்.

"ஒண்ணுமில்ல மாமா, இப்ப வந்துரும்" என்று இத்ரீஸ் காரை ஓரத்துச் சரளையில் இறக்கினான்.

"ஆங், வந்துட்டு" என்று மாமனார் நிம்மதியாகக் கண்ணை மூடிக்கொண்டார்.

ஒவ்வொரு கல்லுக்கும் பல்லைக் கடித்தபடி ஓட்டிய இத்ரீஸ், வீடு வரும்வரை ரோட்டில் ஏறவேயில்லை.